மணலுக்கு ஐந்து மதிப்பெண்

ஓய்வு பெற்றுப் பல ஆண்டுகள் ஆகியும் மருத்துவமனையிலிருந்து எனக்கு எப்போதாவது தொலைபேசி வரும். பெரும்பாலும் ஏதாவது ஒரு பழைய பீரோவின் சாவி எங்கே என்று கேட்பார்கள். போன மாதம் வந்த அழைப்பு வேறு. இப்போது என் நாற்காலியில் இருக்கும் சந்திரசேகர் பேசினார். கடலோரக் கிராமங்களுக்குப் போகும் வண்டியை மாற்றப் போகிறார்களாம். இரண்டு வண்டிகள் இறுதிப் பட்டியலில் இருக்கின்றன. ஒன்று சின்ன கிராஸ்ஓவர், அதாவது பார்ப்பதற்கு ஜீப், ஓட்டுவதற்குக் கார். இன்னொன்று காடுமேடெல்லாம் ஏறி இறங்கும் முரட்டு எஸ்.யூ.வி.

"உங்க ஃபார்மட்தான் சார் இன்னிக்கும் வெச்சிருக்கோம். ரொம்ப சயின்டிஃபிக்கா இருக்கு. எதுக்கு எவ்ளோ மார்க்குன்னு மட்டும் ஒரு பார்வை பாத்துக் குடுத்தீங்கன்னா நல்லாருக்கும்."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். உண்மையில் யோசிக்க ஒன்றுமில்லை. அந்தப் படிவம் எப்படி உருவானது என்பதை எழுதினால் போதும். அதைத்தான் எழுதுகிறேன்.

நான் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படித்தவன். பேருந்துப் பணிமனை ஒன்றில் பதினைந்து ஆண்டுகள் கிரீஸும் கையுமாக இருந்துவிட்டு, தொண்ணூறுகளின் தொடக்கத்தில் செங்கல்பட்டில் ஓர் அறக்கட்டளை மருத்துவமனையில் வாகனப் பிரிவு அதிகாரியாகச் சேர்ந்தேன். பெயர்தான் பிரிவு. இரண்டு ஆம்புலன்ஸ், ஒரு வேன், ஒரு பழைய டீசல் ஜீப், ஓட்டுநர்கள் நால்வர், நான். அவ்வளவுதான்.

அந்த ஜீப்புக்கு ஒரே வேலை. புதனும் சனியும் செங்கல்பட்டிலிருந்து கிளம்பி, திருக்கழுக்குன்றம், கல்பாக்கம் வழியாகக் கடற்கரைச் சாலையைப் பிடித்து, கடப்பாக்கம் பக்கத்து மீனவக் குப்பங்கள் வரை போய்த் திரும்ப வேண்டும். டாக்டர் ஒருவர், நர்ஸ் ஸ்டெல்லா, மருந்துப் பெட்டிகள், ஓட்டுநர் ஏழுமலை. போக மட்டும் அறுபத்தாறு கிலோமீட்டர். நான் மாதம் இரண்டு முறை மேற்பார்வைக்கு என்று கூடப் போவேன்.

கடைசி ஊர் கோரைக்குப்பம். ஒரு சவுக்குத் தோப்பு வாசலில் தார் முடிந்துவிடும். அங்கிருந்து ஒன்றரைக் கிலோமீட்டர் வெறும் மணல். ஏழுமலை அங்கே செய்யும் வேலையை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். தோப்பு நிழலில் வண்டியை நிறுத்துவார். இறங்கி முன்சக்கரங்களின் நடுவில் இருக்கும் குமிழ்களைத் திருப்பிப் பூட்டுவார். அப்போதுதான் முன்சக்கரங்களுக்கும் இழுவை போகும். பிறகு நான்கு டயர்களிலும் பாதிக் காற்றை இறக்குவார். அளக்கக் கருவி இருந்தது, எடுக்க மாட்டார். குதிகாலால் டயரை ஒரு மிதி மிதித்துப் பார்த்து, "ம்" என்பார். பிறகு சின்ன கியர். மணலுக்குள் நுழைந்த பிறகு பிரேக்கைத் தொடமாட்டார், ஸ்டியரிங்கை ஒடிக்கமாட்டார், பேசமாட்டார். திரும்பி வந்ததும் கால் பம்பை மிதித்து நான்கு டயருக்கும் காற்றடிப்பார். அதற்கு அரைமணி நேரம் ஆகும். அந்த அரைமணியும் என்னைப் பார்த்துப் பேசிக்கொண்டே இருப்பார். மணலில் அடக்கிவைத்த பேச்செல்லாம் அப்போது வரும்.

ஜீப் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நிற்கும். நான்காவது வீடு நாகப்பனுடையது. ஐம்பது வயதைக் கடந்த மீனவர். சர்க்கரை நோய். சிப்பி கிழித்து இடது குதிகாலில் ஒரு புண். ஆறாது, பெரிதாகவும் ஆகாது. புதனும் சனியும் ஸ்டெல்லா கட்டு மாற்றுவார். நாகப்பன் காலை நீட்டிக்கொண்டு என்னிடம் வம்பு பேசுவார்.

"இன்னா சார், நீ மட்டும் முதுவ புட்ச்சிகினு எறங்குற? நோயாளி நானா நீயா?"

உண்மையில் எனக்கும் வலிதான். இடுப்புக்கு மேலே முதுகெலும்புத் தட்டு ஒன்று நகர்ந்திருந்தது. ஜீப்பில் போய்வந்தால் இரண்டு நாள் கட்டிலில் திரும்பிப் படுக்க முடியாது. எங்கள் எலும்பு டாக்டர், இனிமேல் ஜீப் ஏறாதே என்று சொல்லியிருந்தார். இது யாருக்கும் தெரியாது. எழுத்தில் எங்கும் இல்லை. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

இரண்டாயிரத்து மூன்று வாக்கில் ஜீப்பின் அடிச்சட்டம் உப்புக்காற்றில் அரித்து விரிசல் கண்டது. புது வண்டி வாங்க அறங்காவலர்கள் ஒப்புக்கொண்டார்கள். தேர்வை என்னிடம் விட்டார் நிர்வாக அதிகாரி வைத்தியநாதன்.

அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நல்ல மனிதர். யாரிடமும் குரலை உயர்த்தியதில்லை. ஆனால் எதைப் பற்றியும் கருத்துச் சொன்னதில்லை. கோப்பைக் கொண்டு போனால் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். துடைத்து முடிக்கும்வரை நாம் நிற்க வேண்டும். பிறகு, "எனக்கு இதுல அபிப்பிராயம் கிடையாது. நம்பர் என்ன சொல்றது?" என்பார். எண் இல்லாத கோப்பு திரும்பி வந்துவிடும். சமையலறைக்கு வெங்காயம் யாரிடம் வாங்குவது என்பதைக்கூட நூற்றுக்கு எத்தனை என்று எழுதிக் கொடுத்திருக்கிறோம். அதனால் அவருக்குக் கீழே வேலை செய்தவர்கள் எல்லோரும் ஒரு வழக்கத்தைக் கற்றுக்கொண்டோம். முதலில் முடிவை எடுப்போம். பிறகு அந்த முடிவு வரும்படி மதிப்பெண்களைப் பிரிப்போம். அதை யாரும் தவறாக நினைக்கவில்லை. அலுவலகத்தில் அதற்குப் பெயர் ஒப்பீட்டுப் பட்டியல்.

வண்டி விஷயத்தில் நான் முதலில் நேர்மையாகத்தான் தொடங்கினேன். ஒரு பக்கம் புது மாடல் முரட்டு ஜீப். இன்னொரு பக்கம் அப்போதுதான் சந்தைக்கு வந்திருந்த சின்ன வண்டி. அதைக் கிராஸ்ஓவர் என்று சொல்லும் பழக்கம் அப்போது எங்களுக்கு இல்லை. ஏழுமலை அதை "கோட்டு போட்ட காரு" என்றார். பார்க்க உயரமாக இருக்கும். ஏ.சி. உண்டு. முன்சக்கரங்கள் மட்டும்தான் இழுக்கும்.

இரண்டையும் மாமல்லபுரம் வரை ஓட்டிப் பார்த்தோம். கடற்கரைச் சாலை அப்போதுதான் அகலமாகப் போட்டு முடிந்திருந்தது. சின்ன வண்டியில் என் முதுகு ஒரு வார்த்தை பேசவில்லை. கடற்கரையில் மணலில் இறக்கிப் பார்க்கலாம் என்றார் ஏழுமலை. வண்டி கொண்டுவந்த விற்பனைப் பிரதிநிதி பதறிவிட்டார்.

"ஐயோ, ஷோரூம் வண்டி சார். உப்பு படக் கூடாது."

"உப்பு படாத வண்டிய வாங்கினு போயி நாங்க இன்னா மலையிலயா ஓட்டப் போறோம்?" என்றார் ஏழுமலை.

நான் சமரசம் செய்தேன். மருத்துவமனைக்குப் பின்னால் புது வார்டு கட்டுவதற்காக ஒரு லோடு மணல் கொட்டியிருந்தது. அதைக் கொத்தனாரை வைத்துப் பரப்பச் சொன்னேன். பாலாற்று மணல். முந்தின நாள் மழையில் நனைந்து இறுகியிருந்தது. மூன்று மீட்டர் நீளம். இரண்டு வண்டிகளும் கடந்தன. படிவத்தில் "மணல் சோதனை: தேர்ச்சி" என்று இரண்டுக்கும் எழுதினேன். பக்கத்தில் நின்ற ஏழுமலை, "சார், இந்த மணல்ல எங்க ஆயா சைக்கிளே போவும் சார்" என்றார். அதைக் குறிப்பில் சேர்க்கவில்லை.

அன்று மாலை உட்கார்ந்து பட்டியல் போட்டேன். முதல் வரைவில் நான்கு சக்கர இழுவைக்கு இருபது, பயண வசதிக்கு ஐந்து. கூட்டினால் ஜீப்புக்கு எண்பத்து நான்கு, சின்ன வண்டிக்கு எழுபது. தாளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு கிழித்துவிட்டேன்.

இரண்டாவது வரைவுக்கு ஒரு காரணம் தேவைப்பட்டது. படித்தவனுக்குக் காரணம் கிடைக்க அதிக நேரம் ஆகாது. மொத்தத் தடத்தில் எல்லாக் குப்பங்களையும் சேர்த்தால் மணல் எவ்வளவு? மூன்று கிலோமீட்டர். அறுபத்தாறில் மூன்று என்றால் நூற்றுக்கு நாலரை. ஐந்தாக முழுமையாக்கினேன். தாராளமாக நடந்துகொண்டதாகக்கூட நினைத்தேன். ஆக, நான்கு சக்கர இழுவைக்கு ஐந்து மதிப்பெண். மிச்சம் இருந்த பதினைந்தையும் பயண வசதிக்கு மாற்றினேன். அது இருபது ஆயிற்று. எல்லா ஊழியர்களின் நலனையும் கருதி என்று எழுதினேன். சின்ன வண்டி எண்பத்தொன்று. ஜீப் எழுபத்தாறு.

வைத்தியநாதன் கண்ணாடியைத் துடைத்து முடித்து, கிலோமீட்டர் கணக்கைப் பார்த்துத் தலையை ஆட்டினார். "அழகா இருக்கு. இதையே எல்லாக் கொள்முதலுக்கும் ஃபார்மட்டா வெச்சுக்கலாம்" என்றார். என் வேலை வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த பெரிய பாராட்டு அதுதான்.

வண்டி வந்த முதல் புதன்கிழமை நானும் போனேன். தோப்பு வாசலில் ஏழுமலை நிறுத்தினார். பூட்டுவதற்குக் குமிழ் எதுவும் இல்லை. காற்றை மட்டும் இறக்கினார். மணலில் முப்பது அடி போனது. பிறகு முன்பக்கம் குனிந்து உட்கார்ந்துகொண்டது. குப்பத்திலிருந்து இருபது பேர் வந்து, கட்டுமரத்தைக் கரையேற்றுவதுபோல் கயிறு கட்டி இழுத்தார்கள். செய்தி கேட்டு நாகப்பன் ஒரு காலை ஊன்றி ஊன்றி வந்து, கவிழ்த்துப் போட்ட ஒரு கூடைமேல் உட்கார்ந்து உத்தரவு போட்டார்.

"டேய், பின்னாடி தூக்காத, இது படகில்ல. சார், உள்ள ஏ.சி. ஓடுதா? அப்ப நீ எறங்காத, அப்டியே குந்து. நாங்க வூட்டாண்ட தூக்கினு போயி வெக்கிறோம்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மறுநாள் சுற்றறிக்கை விட்டேன். வண்டியின் பாதுகாப்பைக் கருதி, தார்ச்சாலையை விட்டு அதை இறக்கக் கூடாது. நோயாளிகள் தோப்பு வாசலுக்கு வந்து சிகிச்சை பெறலாம்.

அதன் பிறகு அந்த வண்டி ஒருநாள்கூடச் சிக்கவில்லை. பழுது இல்லை, விபத்து இல்லை. புதனும் சனியும் சரியான நேரத்துக்குப் போய்ச் சரியான நேரத்துக்குத் திரும்பியது. என் பதிவேட்டில் அதைவிட ஒழுங்கான வண்டி இருந்ததில்லை.

கோரைக்குப்பத்தில் முன்பெல்லாம் நாற்பது பெயர் எழுதும் நோட்டில், இரண்டு மாதத்தில் பதினைந்து பெயர்தான் இருந்தது. ஸ்டெல்லா என் அறைக்கு வந்தார். வல்லிபுரம் பக்கம் ஒரு விவசாயக் கூலிக் குடும்பத்தில் பிறந்து, படித்து நர்ஸ் ஆனவர். அதிகம் பேசமாட்டார்.

"சார், வெயில்ல ஒன்றரைக் கிலோமீட்டர் மணல்ல நடக்க முடிஞ்சவங்கதான் வர்றாங்க. அவ்ளோ தூரம் நடக்க முடிஞ்சவங்களுக்கு நாம எதுக்கு சார்?"

தான் மட்டும் குப்பத்துக்குள் நடந்து போய்வருவதாகச் சொன்னார். நான் நேர அட்டவணையைக் காட்டினேன். ஒரு ஊருக்கு ஒரு மணி நேரம். அவர் பையைத் தூக்கிக்கொண்டு நடந்துபோய்த் திரும்பினாலே அந்த ஒரு மணி போய்விடும், பிறகு கட்டுப் போடுவது எப்போது என்று கேட்டேன்.

"அப்ப ஜீப்புல போனப்ப எப்டி சார் முடிஞ்சுது?"

எனக்கு வேறு வேலை இருப்பதுபோல் ஒரு கோப்பைத் திறந்தேன். எந்தக் கோப்பு என்று நினைவில்லை.

எண்ணிக்கை ஏன் குறைந்தது என்று வைத்தியநாதனும் கேட்டு அனுப்பினார். "தொடர் சிகிச்சையால் நோயாளிகள் குணமடைந்து வருவதால்" என்று எழுதினேன். நான் எழுதியவற்றில் இதைத்தான் அதிகமுறை மனத்துக்குள் திரும்பப் படித்திருக்கிறேன்.

நாகப்பன் ஆறேழு வாரம் நடந்து வந்தார். கட்டின் மேல் பிளாஸ்டிக் பையைச் சுற்றி, கயிற்றால் கட்டிக்கொண்டு வருவார். பை கிழிந்து மணல் உள்ளே போய்விடும். தோப்பில் ஸ்டெல்லா அதைக் கழுவிச் சுத்தமாகக் கட்டிவிடுவார். அதே மணலில் அவர் திரும்பிப் போவார். பிறகு அவர் வருவது நின்றது. மாத்திரை வாங்க அவர் மனைவி தனம் வந்தார். அன்று நானும் அங்கே இருந்தேன். வண்டிக்குள், முன் இருக்கையில்.

"அவரு வர்லியா?" என்றார் ஸ்டெல்லா.

"எங்க வர்றது? கால் வீங்கினு கீது. ஜொரம். செருப்பு நுழையல. அம்மா, ஒரு தபா வூட்டுக்கு வந்து பாத்துட்டுப் போயேன்."

ஸ்டெல்லா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். அடுத்த முறை, என்றேன். கண்ணாடியைப் பாதி இறக்கித்தான் சொன்னேன். வெளியே வெயில் கடுமையாக இருந்தது.

அடுத்த முறை சனிக்கிழமை. அதற்கு முன் வெள்ளிக்கிழமை பகலிலேயே நாகப்பன் வந்துவிட்டார். நான்கு பேர் வலையில் படுக்கவைத்துத் தோப்பு வரை தூக்கி வந்து, அங்கிருந்து மீன் ஏற்றும் வண்டியில், ஐஸ் பெட்டிகளுக்கு நடுவே, செங்கல்பட்டு வரை கொண்டுவந்திருந்தார்கள். எங்கள் அறுவை மருத்துவர் பார்த்தார். அன்று மாலையே முழங்காலுக்குக் கீழே இடது காலை எடுத்தார்கள்.

மூன்றாம் நாள் வார்டுக்குப் போனேன். நாகப்பன் விழித்திருந்தார்.

"இன்னா சார் அப்டி பாக்குற? உன் வண்டிய நான் ஒண்ணுஞ் சொல்லல. நல்ல வண்டி. உள்ள குளுகுளுன்னு கீதாமே. எங்க வூட்டாண்டதான் வராது. மத்தபடி நல்ல வண்டி."

எண்பத்தொன்று என்று அவரிடம் சொல்லவில்லை. எழுபது என்றும் சொல்லவில்லை. ஹார்லிக்ஸ் பாட்டிலை மேசையில் வைத்துவிட்டு வந்தேன்.

அந்த வாரமே வைத்தியநாதனிடம் போய், வண்டியை மாற்ற வேண்டும் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"மார்க் நீங்கதானே போட்டீங்க?"

"ஆமா சார்."

"கூட்டல்ல ஏதாவது தப்பா?"

"கூட்டல் சரிதான் சார்."

அவர் காத்திருந்தார். அவரைக் குறை சொல்ல முடியாது. வெகுநேரம் துடைத்தார். கிழித்த தாளைப் பற்றிச் சொல்ல எனக்கு முழுதாக இரண்டு நிமிடம் இருந்தது. நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் வேலை போயிருக்காது. ஒரு நல்ல பெயர் போயிருக்கும், அவ்வளவுதான். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "அப்போ நம்பர் சரியாத்தானே இருக்கு" என்று கோப்பை மூடினார்.

ஏழுமலை என்னோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டார். இப்போது காற்றடிக்கும் வேலை இல்லை, அதனால் பேச நேரமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நான் ஓய்வு பெற்ற நாளில் அந்தச் சின்ன வண்டியில்தான் மாலையோடு வீட்டில் கொண்டுவந்து விட்டார்கள். முதுகு வலிக்கவில்லை.

ஓய்வு பெற்ற இரண்டாம் ஆண்டில், ஒரு மாசி மாதத்து நண்பகலில், கோரைக்குப்பம் போனேன். கடப்பாக்கம் வரை பேருந்து. தோப்பு வரை ஷேர் ஆட்டோ. அங்கிருந்து முதன்முறையாக நடந்தேன். அத்தனை ஆண்டு மேற்பார்வையில் நான் அந்த மணலில் ஐம்பது அடிக்கு மேல் நடந்ததில்லை. மணல் செருப்புக்குள் புகுந்து காலைச் சுட்டது. ஒரு அடி எடுத்துவைத்தால் அரை அடி பின்னால் வந்தது. முக்கால் தூரத்தில் இடது செருப்பின் வார் அறுந்தது. மீதியை நொண்டிக்கொண்டு போனேன். ஒன்றரைக் கிலோமீட்டருக்கு நாற்பது நிமிடம்.

நாகப்பன் வாசலில் உட்கார்ந்து வலையைப் பிரித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஊன்றுகோல். மருத்துவமனை கொடுத்த செயற்கைக்கால் எங்கே என்று கேட்டேன்.

"மேல பரண்ல கீது. சிமென்ட் தரையில நல்லாத்தான் நடக்குது. மணல்ல பொதைஞ்சுடுது சார்." பிறகு என் பின்னால் எட்டிப் பார்த்தார். "இன்னா, நடந்தா வந்த? வண்டி இல்ல?"

இல்லை என்றேன். வாசலில் கவிழ்ந்து கிடந்த ஒரு கூடைமேல் உட்கார்ந்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். என் முதுகு, கிழித்த தாள், அறுபத்தாறில் மூன்று, இருபது, ஐந்து. அவர் வலையைப் பிரிப்பதை நிறுத்தவில்லை. முடிக்கும்வரை குறுக்கே பேசவில்லை. நாகப்பன் குறுக்கே பேசாமல் இருந்து நான் பார்த்தது அன்றுதான்.

"எங்க மணலுக்கு அஞ்சுதானா சார்?" என்று கேட்டார்.

"அஞ்சுதான்."

"நூத்துக்கா?"

"நூத்துக்கு."

தலையை ஆட்டிக்கொண்டார். மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, திட்டவும் இல்லை. தனம் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போனார். நான் கிளம்ப எழுந்தேன்.

சந்திரசேகருக்கு என் பதில் இதுதான். படிவத்தைத் தூக்கிப் போடுங்கள். இரண்டு வண்டிகளிலும் டாக்டரையும் நர்ஸையும் எல்லாப் பெட்டிகளையும் ஏற்றுங்கள். ஏழுமலைக்குப் பின் வந்த ஓட்டுநர் யாரோ, அவரிடம் சாவியைக் கொடுங்கள். வெயில் காலத்தில், நண்பகலில், தோப்பு வாசலிலிருந்து கடைசி வீட்டு வாசல் வரை போய்வரச் சொல்லுங்கள். எது திரும்பி வருகிறதோ அதை வாங்குங்கள். நீங்கள் அதில் உட்கார வேண்டாம்.

அன்று நான் நொண்டிக்கொண்டு நான்கு அடி வைத்ததும் நாகப்பன் கூப்பிட்டார். "நில்லு சார். எந்தக் காலு?"

"இடது."

தனத்தைக் கூப்பிட்டு, பரண்மேல் இருந்த ஒரு பையை எடுத்து வரச் சொன்னார். உள்ளே ஐந்தாறு ரப்பர் செருப்புகள். எல்லாம் இடது கால். எல்லாம் புதிது. விலைச் சீட்டுகூட ஒட்டியபடி இருந்தது.

"ஒத்தச் செருப்பு எந்தக் கடையிலயும் குடுக்க மாட்றான். ஜோடியாத்தான் வாங்க வேண்டிகீது. இது சும்மா கெடக்குது. பாரு, உனுக்கு எது சரியாகீதுன்னு."

மூன்றாவது சரியாக இருந்தது. அதைப் போட்டுக்கொண்டு தோப்பு வரை நடந்தேன்.